சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

அடிமை என்னும் சொல்லைச் செவியுற்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி எது? கால்களில் இரும்புச் சங்கிலி பூட்டப்பெற்று, மரக்கலத்தின் அடித்தட்டில் அடுக்கப்பட்டு, அட்லாண்டிக் மாகடலைக் கடந்து சென்ற ஆப்பிரிக்க மக்களே நம் நினைவுக்கு வருவர். அது உண்மையே. ஆனால் சங்கிலி இல்லாத அடிமைத்தனமும் உலகில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் அகப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தலைகவிழ்ந்து நின்றவர்களுள் நம் தமிழ் மக்களும் உண்டு. நம் சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து மூட்டை முடிச்சுடன் கப்பலேறிய குடும்பங்களும் உண்டு. அம்மக்கள் 1941-ஆம் ஆண்டு, மலேயா நாட்டின் கிள்ளான் வட்டாரத்தில், வெள்ளையர் ஆட்சியின் துப்பாக்கிகளுக்கு முன்னே நிமிர்ந்து நின்றனர். அந்த வரலாற்றை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்வார் அரியர்.

ஜலகண்டாபுரத்தில் வாழும் நமக்கு மேட்டூர் அணை தொலைவில் இல்லை. 1934-ஆம் ஆண்டு அந்த அணை கட்டி முடிக்கப்பட்டபோது பழைய ஊர்கள் பல நீருக்குள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில், பண்ணவாடிப் பக்கத்தில், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் மெல்ல வெளியே தெரியும். மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று காண்பர். ஏழைகளின் வரலாறும் இத்தகையதே. அது அழிந்துபோவதில்லை, மூழ்கிக் கிடக்கிறது. அதனைக் காண வேண்டுமாயின் நம் மறதியின் நீர்மட்டம் சற்றுத் தாழ வேண்டும்.

பெற்ற விடுதலையும் கொடுத்த விலையும்

உலகில் அடிமைத்தனம் ஒழிந்தது சில நல்ல உள்ளங்களின் கருணையால் என்று நாம் படித்திருக்கிறோம். கருணை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அடிமைகளே எழுந்து நின்றதால் அசைந்த கதவுகள் பல. 1791-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பிரெஞ்சுக்காரரின் செல்வக் குடியேற்றமாய் விளங்கிய சான் தொமிங்கு தீவில், கரும்புத் தோட்டங்களில் உழன்ற அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் அடிமைகள் வாழ்ந்த நாடு அது. அவர்களை வழிநடத்திய தூசேன் லூவெர்த்தூர் பிடிபட்டுப் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையில் 1803-இல் உயிர் துறந்தார். ஆயினும் 1804-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று அந்நாடு ஹெயிட்டி என்னும் பெயருடன் விடுதலை பெற்றது. விடுதலைக்கு விலை என்ன தெரியுமா? ‘இழந்த உடைமைக்கு ஈடு’ என்று 15 கோடி பிராங்கு தரவேண்டுமென 1825-இல் பிரெஞ்சு மன்னர் கட்டளையிட்டார். அந்த உடைமைகளுள் விடுதலை பெற்ற மனிதரும் அடங்குவர்! தொகை பின்னர்க் குறைக்கப்பட்டது. ஆனாலும் அதற்காக வாங்கிய கடன்கள் தீர 1947-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

பிரித்தானியரின் ஜமைக்கா தீவில் நடந்தது இன்னும் கருதத்தக்கது. சாமுவேல் ஷார்ப் என்பவர் அடிமை. பாப்திஸ்து சபையில் திருப்பணியாளர். வேத நூலைத் தாமே படிக்கத் தெரிந்தவர். மனிதன் மனிதனுக்கு உடைமையல்ல என்னும் முடிவுக்கு அவ்வாசிப்பு அவரைக் கொண்டு சேர்த்தது. 1831-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா முடிந்தவுடன், கூலியின்றி இனி வேலைக்கு இறங்குவதில்லை என்று அவரும் தோழர்களும் உறுதிபூண்டனர். அது தீயும் இரத்தமுமாக மாறியது. 1832-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் இலண்டன் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அங்கும் ஈட்டுத்தொகை உண்டு: 2 கோடி பவுன். பெற்றவர்கள் எசமானர்கள், உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக அரசாங்கம் எழுப்பிய கடனின் கடைசிப் பகுதி 2015-ஆம் ஆண்டில்தான் அடைபட்டது.

அன்பர்களே, கடல்கடந்த இக்கதைகளை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அடிமைகள் விடுதலை பெற்றபின் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! அந்த ஆள் எங்கிருந்து வந்தான்? நம் நாட்டிலிருந்து வந்தான். 1834-ஆம் ஆண்டு முதலே மொரீசியசுத் தீவுக்கு இந்தியத் தொழிலாளரின் கப்பல்கள் செல்லத் தொடங்கின. பின்னர் மேற்கிந்தியத் தீவுகள், நேட்டால், பிஜி, மலேயா என்று அந்தப் பயணம் நீண்டது.

சஞ்சியும் கங்காணியும்

முதலில் வந்தது ஒப்பந்தக் கூலி முறை. நம்மவர் அதனைச் ‘சஞ்சி’ என்றனர். குறித்த ஆண்டுகள் வரை குறித்த தோட்டத்தில் உழைப்பதாகக் கைநாட்டு வைக்க வேண்டும். இடையில் விலகினால் அது கடன் வழக்கன்று, குற்ற வழக்கு. சிறைக் கதவு திறக்கும். மலேயாவில் இம்முறை 1910-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பிருந்தே அதன் பக்கத்தில் வளர்ந்துவந்த கங்காணி முறை அந்த இடத்தை முழுதும் பிடித்துக்கொண்டது.

கங்காணி நம் ஊர்க்காரர். நம் மொழி பேசுபவர். சில வேளை உறவினரும்கூட. அக்கரைச் சீமையிலிருந்து நல்ல உடையுடன் ஊருக்கு வருவார். வானம் பொய்த்த ஆண்டுகளில் அவர் வாக்கு தேவ வாக்காயிற்று. 1876 முதல் 1878 வரை நம் மாவட்டத்தைப் பாழாக்கிய பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை இலட்சக்கணக்கில் குறைந்தது. பஞ்சம் நீங்கிய பின்னும் கடன் நீங்கவில்லை. நிலமற்ற உழவரும், ஆதிதிராவிட மக்களும், தறி நின்றுபோன நெசவாளரும் கங்காணியின் பின்னே நடந்தனர். நாகப்பட்டினத்துக்கும் ஆவடிக்கும் இரயிலேறி, அங்குள்ள முகாம்களில் காத்திருந்து, பினாங்கு செல்லும் கப்பலில் ஏறினர். திருச்சி, தஞ்சை, ஆற்காடு மாவட்டங்களோடு சேலமும் மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் கொடுத்த மாவட்டமாகும். 1931-ஆம் ஆண்டு குடிக்கணக்கின்படி மலேயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் வாழ்ந்த இந்தியர் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

இலங்கையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தொழிலாளரின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். தோட்டம் மாற வேண்டுமாயின், அந்தத் துண்டில் கண்ட தொகையைப் புதிய தோட்டத்துத் துரை கட்ட வேண்டும். கட்டினால் கடனோடு ஆளும் கைமாறுவான். பார்வைக்கு அது கடன் சீட்டு. உள்ளபடி அது மனிதனின் விலைச் சீட்டு. 1921-ஆம் ஆண்டு சட்டம் அதனைத் தடை செய்தது. இந்தத் துண்டினை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் நாம் திரும்பி வருவோம்.

இந்த மக்களைச் சட்டம் அடிமைகள் என்று சொல்லவில்லை. மலேயாவில் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு விலகலாம் என்றுகூட விதி இருந்தது. ஆனால் விலகி எங்கே போவது? குடியிருக்கும் லயம் துரையுடையது. அரிசி வாங்கும் கடை, பிள்ளை கிடக்கும் ஆயாக் கொட்டகை, மருந்து கொடுக்கும் அறை, மாலையில் மயக்கம் தரும் கள்ளுக்கடை யாவும் தோட்டத்து வேலிக்குள். உறவினர் பார்க்க வந்தாலும் அனுமதி வேண்டும்.

ஒரு மூதாட்டியின் நினைவு

நாம் குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் வழக்கப்படி ஒரு மூதாட்டியின் குடிசைக்குச் சென்று வருவோம். அவர் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்து, போர் முடிந்தபின் பெற்றோருடன் சேலத்துக்குத் திரும்பியவர். ‘பெரட்டு’, ‘கிராணி’, ‘தண்டல்’, ‘சடக்கு’ என்று நமக்குப் புதிதான சொற்கள் அவர் பேச்சில் இயல்பாக வரும். விடியுமுன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. அலுவலக எழுத்தர் கிராணி. வேலை வாங்கும் மேலாள் தண்டல். சாலைக்குச் சடக்கு என்று பெயர்.

அவருடைய தந்தை பல மாதங்கள் காசு சேர்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினாராம். தோட்டத்துச் சடக்கில் துரை எதிர்ப்பட்டால் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாய் நிற்க வேண்டும். துரை மட்டுமன்று, கிராணி வந்தாலும் அப்படியே. “எங்கய்யன் சைக்கிள்ல போனதவிட இறங்கி நின்னதுதான் சாஸ்தி, சாமி” என்று சொல்லி அம்மூதாட்டி சிரித்தார். நாம் சிரிக்க முடியவில்லை. தந்தை இறங்கி நிற்கும்போது சைக்கிளின் பின்னே அமர்ந்திருந்த சிறுமி என்ன கற்றுக்கொண்டிருப்பாள் என்று எண்ணினோம். கிள்ளான் என்ற ஊரை அறிவீர்களா என்று கேட்டோம். “அங்க காந்தி குல்லாக்காரங்களச் சுட்டுப்போட்டாங்கன்னு பெரியவங்க இருட்டுல குசுகுசுன்னு பேசிக்குவாங்க” என்றார். அவ்வளவே அவருக்குத் தெரிந்தது. மீதியை நாம் நூல்களில் தேடிப் படித்தோம்.

பன்னிரண்டு கோரிக்கைகள்

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் மூண்டிருந்த காலம் அது. இரப்பருக்குத் தேவை பெருகியது. தோட்ட முதலாளிகளின் இலாபமும் பெருகியது. ஆனால் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலியோ ஐம்பது காசு அளவிலேயே நின்றது. அதே மரத்தைச் சீவிய சீனத் தொழிலாளர்க்கு அதைவிட மிகுந்த கூலி கிடைத்தது. 1941-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தங்கள் தோன்றின. தொழிலாளரை ஒன்று திரட்டியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதனை முன்நின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர் ஆர்.எச்.நாதன் என்பவர். அவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர்.

அத்தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அவற்றைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். சீனருக்கு இணையான கூலி வேண்டும். கொடுமை செய்யும் மேலாட்களை நீக்கித் தமிழறிந்தவரை அமர்த்த வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். வெள்ளைக்காரரும் தோட்டத்து மேலாட்களும் பெண்களைத் தொந்தரவு செய்வது நிற்க வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். குறை சொன்னவரைப் பழிவாங்கலாகாது. சங்கம் அமைக்க அனுமதி வேண்டும். இவை பதினொன்று. இன்னும் ஒன்று உண்டு: துரைமார் முன்னும் மேலாட்கள் முன்னும் தொழிலாளர் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல அனுமதிக்க வேண்டும்.

இதனைப் படித்தபோது அம்மூதாட்டியின் சிரிப்பு நம் செவியில் மீண்டும் ஒலித்தது. கூலியைப் பற்றிய கோரிக்கை பன்னிரண்டில் ஒன்றே ஒன்று! ஏனையவற்றுள் பெரும்பாலானவை மனிதனாக நடத்தப்பட வேண்டும் என்பதை வெவ்வேறு சொற்களில் கேட்பவை. வயிறு மட்டும் பேசியிருந்தால் கூலியோடு நின்றிருக்கும். அவர்களுடைய மனமும் பேசியது. குடும்பத் தலைவனாகிய தான், தன் மனைவி மக்கள் காண, ஒரு நாளில் பத்து முறை இறங்கி நிற்க நேர்ந்த இழிவு, ஐந்து காசு கூலி உயர்வால் தீரக் கூடியதன்று என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கள்ளுக்கடையை மூடுங்கள் என்று குடிப்பவர்களே கேட்ட வேலை நிறுத்தம் உலகில் எத்தனை இருக்கும்? தம்மைக் கட்டிப்போட்ட கயிறுகளில் ஒன்று தம் கையிலேயே இருந்ததை அறிந்தவர்கள் அவர்கள்.

1941 மே

தொழிலாளர் காந்தி குல்லாய் அணிந்தனர். காங்கிரசுக் கொடியை ஏற்றினர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். கூலியில் ஐந்து பத்துக் காசு ஏற்றித் தர முதலாளிகள் இசைந்தாலும், சங்கம் என்னும் சொல்லை அவர்களால் பொறுக்க இயலவில்லை. ஏப்பிரலில் தணிந்த போராட்டம் மே திங்களில் நாதன் கைது செய்யப்பட்டதும் மீண்டும் மூண்டு, கிள்ளானையும் தாண்டிச் சிலாங்கூர் மாநிலத்தின் பல தோட்டங்களுக்குப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் பால் மரங்களை விட்டு வெளியே வந்தனர். அரசாங்கம் நெருக்கடி நிலையை அறிவித்துப் படைகளை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர், பலர் காயமுற்றனர். நூற்றுக்கணக்கானோர் பிடிக்கப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மேலும் பலர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1940 சனவரியில், இலங்கையின் முல்லோயாத் தேயிலைத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலை நிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீசாரால் சுடப்பட்டு இறந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். இரு நாடுகளிலும் சுடப்பட்டவர்கள் ஒரே மண்ணின் மக்கள்.

தோல்வியின் கனி

அன்றைய கணக்கில் கிள்ளான் போராட்டம் தோல்வியே. தலைவர்கள் அகற்றப்பட்டனர், தொழிலாளர் மீண்டும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றனர். ஆனால் விதை மண்ணுக்குள் விழுந்த பின்னரே அன்றோ முளைக்கிறது?

அதே ஆண்டு டிசம்பரில் சப்பானியர் மலேயாவில் இறங்கினர். நேற்று வரை சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன துரைமார், இன்று உடைமைகளைப் போட்டுவிட்டுத் தெற்கு நோக்கி ஓடியதைத் தொழிலாளர் தம் கண்ணாலேயே கண்டனர். பின் வந்த சப்பானியரும் இரக்கம் காட்டவில்லை. சயாம்–பர்மா இரயில் பாதை போடப் பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். காட்டிலே காய்ச்சலிலும் பட்டினியிலும் மாண்டவர் தொகை சொல்லி முடியாது. 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபோது, தோட்டத்து லயங்களிலிருந்து இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்சிராணிப் படையில் பால் மரம் சீவிய பெண்கள் துப்பாக்கி ஏந்தி நின்றனர். குனிந்தே பழகிய சமுதாயத்தின் பெண் பிள்ளைகள் இராணுவ நடை பழகியது சிறிய செய்தியன்று.

போர் முடிந்தபின், 1946-47-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் ‘தொண்டர் படை’ தோன்றிக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாகிக் கிள்ளானில் மறுக்கப்பட்ட சங்க உரிமையை நாடு முழுதும் நிலைநாட்டியது. 1960-இல் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி வைத்தார். வெள்ளையர் விட்டுச்சென்ற தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்குத் துரத்தப்பட்ட அந்நாளில், அவர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர்! துரையின் முன் இறங்கி நின்றவனுடைய மகன், துரையின் தோட்டத்தில் பங்குதாரன் ஆனான். மலேசியாவில் இன்றும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. பிள்ளைகளுக்குக் கல்வி கேட்ட அந்தப் பன்னிரண்டு கோரிக்கைகள் நம் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

எல்லாம் நிறைவேறியதாகச் சொல்லிவிட முடியாது. 2007-ஆம் ஆண்டு, ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து கைவிட்டதற்கு ஈடு கோரி மலேசிய இந்தியர் சார்பில் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் பல்லாயிரவர் திரண்டனர். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. ஹெயிட்டி போல, கிள்ளானும் முடிந்துபோன கதையன்று.

நம் திருச்சபையின் கணக்கு

அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டுக் கணக்கையும் மறைத்தல் ஆகாது. 1452-ஆம் ஆண்டு பாப்பரசர் ஐந்தாம் நிக்கோலாஸ் விடுத்த ஆணை, பிற சமயத்தவரை அடிமைகளாக்கப் போர்த்துகல் மன்னருக்கு இடங்கொடுத்தது. கிறிஸ்தவ நாடுகளின் கப்பல்களே அடிமைகளை ஏற்றிச் சென்றன. மறுபுறம், கார்த்தஹேனா துறைமுகத்தில் வந்திறங்கிய அடிமைகளுக்கு உணவும் மருந்தும் சுமந்து சென்று, தம்மை அவர்களுக்கு அடிமை என்றழைத்துக்கொண்ட புனித பீட்டர் கிளேவரும் நம்மவரே. அடிமை வாணிகத்தைக் கண்டித்துப் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் 1839-இல் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அடிமைத்தனத்தை மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களுள் ஒன்றாக எண்ணியது. பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1992-இல் ஆப்பிரிக்காவின் கோரே தீவில், அடிமைகள் கப்பலேற்றப்பட்ட வீட்டின் முன் நின்று மன்னிப்பு வேண்டினார்.

எகிப்தின் செங்கற் சூளைகளில் வாடிய ஒரு மக்களின் கூக்குரலைக் கேட்டவர் நம் கடவுள். அந்த வரலாற்றை ஆண்டுதோறும் பாஸ்கு இரவில் நாம் வாசிக்கிறோம். வாசிக்கும் நாம் அதில் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே வினா.

இக்கரையில் நாம்

கிள்ளான் சடக்கில் சைக்கிளை விட்டு இறங்கிய தமிழன், அந்த வழக்கத்தை அங்கேதான் முதன்முதலாகக் கற்றானா? நம் ஊர்ப்புறங்களில் சில தெருக்களின் வழியே சில சாதியார் சைக்கிளில் செல்லலாகாது, செருப்பணிந்து நடக்கலாகாது என்றிருந்த கொடுமையை நாடறியும். வெள்ளைத் துரை அதனைப் புதிதாகப் புகுத்தவில்லை. நம்மிடம் ஆயத்தமாக இருந்ததை எடுத்து ஆண்டுகொண்டான். தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில் கிறிஸ்தவரையே கிறிஸ்தவரிடமிருந்து பிரிக்கும் சுவர்கள் நின்றதை எண்ணும்போது நம் தலை கவிழ்கிறது.

இப்போது அந்தத் ‘துண்டினை’ நினைவுபடுத்திக்கொள்வோம். நம் ஜலகண்டாபுரமும் சுற்றுப்புறமும் தறியால் வாழ்பவை. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை இந்தச் சமவெளி எங்கும் விசைத்தறியின் ஓசை கேட்காத தெரு அரிது. தறி ஓட்ட வரும் குடும்பம் முன்பணம் வாங்குகிறது. மகள் திருமணம், மருத்துவமனைச் செலவு, திருவிழா என்று காரணங்கள் உண்டு. வாரக் கூலியில் பிடித்தம் நடக்கும். ஆனால் அடுத்த தேவை வந்து கடன் மீண்டும் ஏறும். வேறு பட்டறைக்கு மாற வேண்டுமாயின் புதிய முதலாளி பழைய முன்பணத்தைக் கட்டி ஆளை அழைத்துக்கொள்வார். இது இலங்கையின் துண்டு அன்றி வேறென்ன? பெயர்தான் மாறியிருக்கிறது. செங்கற் சூளைகளிலும் இதே கதைதான்.

1843-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் அடிமை உடைமையைச் சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. ஆயினும் கடனால் கட்டுண்ட பண்ணையாளின் நிலை பிழைத்து நின்றது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே அதன் வேரில் கை வைத்தது. கடனுக்காகக் குறைந்த கூலிக்கு உழைக்க நேர்ந்தாலோ, வேறு வேலைக்குச் செல்லும் உரிமையை இழந்தாலோ, விருப்பப்படி நடமாட முடியாமற்போனாலோ அது கொத்தடிமை முறையாகும், அக்கடன் செல்லாது. கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் பங்கில் தறி உடையவரும் இருக்கின்றனர். தறி ஓட்டுபவரும் இருக்கின்றனர். இருவரும் ஒரே பீடத்தின் முன் முழந்தாட்படியிடுகின்றனர். பட்டறை வைத்திருப்பவர் எல்லாரும் செல்வர் அல்லர் என்பதை நாம் நன்கறிவோம். நூல் கொடுப்பவருக்கும் வங்கிக்கும் அவரே கடன்பட்டவர். முன்பணம் கொடுத்த ஆள் இரவோடு இரவாகச் சென்றுவிட்டால் அவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. அவருடைய அச்சமும் உண்மையானது. ஆனால் அச்சத்துக்கு மருந்து பிறரைக் கட்டி வைப்பதாகாது.

ஆதலின் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள். முன்பணக் கணக்கை இரு நோட்டுகளில் எழுதுங்கள். ஒன்று தொழிலாளியின் வீட்டில் இருக்கட்டும். அவன் பிள்ளை அதனைப் படித்துச் சரிபார்க்கட்டும். பிடித்தம் போகக் கைக்கு வரும் கூலி, ஒரு குடும்பம் உண்ணப் போதுமானதாக இருக்கட்டும். கடன் உள்ளவன் விலக விரும்பினால் தவணையில் கட்டுமாறு விட்டுவிடுங்கள். அவனை இன்னொருவரிடம் கைமாற்றாதீர்கள். தந்தையின் கடனுக்காகத் தார் சுற்ற உட்காரும் பிள்ளை பள்ளிக்குச் செல்லட்டும். தொழிலாளர் குடும்பங்களும் திருமணத்தின் பெயராலும் திருவிழாவின் பெயராலும் வருங்காலத்தை அடகு வைக்காதிருக்கட்டும். மது என்னும் கயிற்றைத் தாமே அறுக்கட்டும். கிள்ளான் தொழிலாளர் தம்முடைய குடியையே கோரிக்கைப் பட்டியலில் வைத்தார்கள் அல்லவா? நம் வின்சென்ட் தே பவுல் சபையும் பெண்களின் சுய உதவிக் குழுக்களும், திடீர் மருத்துவச் செலவுக்கு வட்டியில்லாச் சிறுகடன் தரும் வழியைக் கண்டால், முன்பணத்துக்குக் கையேந்தும் வீடுகள் குறையும். மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டத்தை வாங்கிய மக்களின் உறவினர் நாம். இது நம்மால் ஆகாத செயலன்று.

1941-இல் கிள்ளானில் மாண்ட ஐவரின் கல்லறைகளைத் தேடிச் சென்று மலர் தூவ நம்மால் இயலாது. அவர்கள் எந்த ஊரில் பிறந்தவர்கள் என்றும் நாம் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்ட பன்னிரண்டு கோரிக்கைகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, நம்மிடம் வேலை செய்பவர்களுள் யாரேனும் இன்று அவற்றில் ஒன்றையாவது நம்மிடம் கேட்க வேண்டிய நிலையில் இருக்கிறாரா என்று ஒவ்வொரு குடும்பமும் இம்மாதம் ஆராய்ந்து பார்க்கட்டும். ஒருவரும் இல்லை என்று மனச்சாட்சியோடு சொல்ல முடிந்தால், அம்மாண்டவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.